சட்டத்தரணியும் எதிரில் இல்லாதவரும்

கண்டி வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர் கிளிநொச்சி நகரைக் கடந்து சிறிது தூரத்திலே பரந்தன் சந்தியை அடைவர். அங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கு ஒரு வீதி பிரிகிறது. மேற்கே பூநகரிக்கு மற்றொன்று. நேரே சென்றால் ஆனையிறவு. உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது. போர்க்காலத்தில் அது நின்று போயிற்று. ஆயினும் பரந்தன் அடிப்படையிலே தொழிற்சாலை ஊர் அன்று, வயலூர். இரணைமடுக் குளத்து நீர் பாயும் நெற்காணிகளே இப்பகுதியின் செல்வம். ஆதலின் இங்குள்ள ஒரு கமக்காரர் சட்டத்தரணியைத் தேடிப் புறப்படுகிறார் என்றால், அவர் கையிலுள்ள பையில் இருப்பது பெரும்பாலும் காணிக் கடதாசியாகவே இருக்கும்.

அந்தப் பையின் கதை தனிக்கதை. 1996ஆம் ஆண்டிலும், மீண்டும் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் ஊரே பெயர்ந்து ஓடியபொழுது, நெல் மூட்டையை விட்டவர்கள் உண்டு. மாட்டை அவிழ்த்து விட்டவர்கள் உண்டு. உறுதிப் பையை மட்டும் விடாது சுமந்தவர்களும் உண்டு. சிலருக்கு அதுவும் வழியில் போயிற்று. திரும்பி வந்தபொழுது வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, அயலவர் இல்லை. சிலரது வயலில் வேறொருவர் உழுதுகொண்டிருந்தார். கச்சேரியிலே கேட்டால், அங்கிருந்த கோவைகளும் போரில் அழிந்தன என்றார்கள். இத்தகைய ஓர் இடத்தில் சட்டத்தரணியின் தொழில் ஒழுக்கம் என்பது சட்டக்கல்லூரியில் படித்துத் தேறிவிட்டு மறந்துவிடும் ஒரு பாடமாக இருக்க முடியாது.

இங்குள்ள காணிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பரம்பரையாகவோ விலைக்கோ வந்த உறுதிக் காணிகள் ஒரு பகுதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் போதாமல் வந்து, காடு வெட்டிக் கழனியாக்கியவர்களுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்து வழங்கிய காணிகள் பெரும்பகுதி. இவை தவிர, எந்தக் கடதாசியும் இல்லாமல் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்து உழைக்கும் காணிகளும் உள்ளன. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல இந்த மூன்றாம் வகையிலே சேரும். இம்மூன்று வகை நிலத்துக்கும் மூன்று வகைச் சட்டம். எந்தச் சட்டம் எந்தத் துண்டு நிலத்துக்குப் பொருந்தும் என்று அறிந்து சொல்வது சட்டத்தரணியின் முதற்கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அதைவிடக் கடினமான கடமை ஒன்று இருக்கிறது.

சட்டத்தரணியின் மேசைக்கு எதிரே உள்ள கதிரையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் கட்சிக்காரர். அவர் குறை சொல்கிறார், கட்டணம் கொடுக்கிறார், கெஞ்சுகிறார், சில வேளை கோபிக்கிறார். அவருக்கு உண்மையாக உழைக்க வேண்டுமென்பதைச் சட்டத்தரணிக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, அவரே நினைவூட்டிக்கொண்டிருப்பார். ஆனால் வன்னி நிலத்தின் ஏறக்குறைய எல்லாக் காரியங்களிலும் அக்கதிரையில் இல்லாத இன்னொருவர் இருக்கிறார். இடம்பெயர்ந்து இந்தியாவுக்குப் போனவர். கனடாவிலோ பிரான்சிலோ வாழும் தமையன். வவுனியாவுக்கு மணமுடித்துப் போன சகோதரி. 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் எவரும் காணாத கணவன். இவருக்காகப் பேச அங்கே எவரும் இல்லை. இவர்பால் ஒரு சட்டத்தரணி எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அவரது நேர்மைக்கு உரைகல்.

ஒருதலையாகக் கேட்டுத் தீர்ப்புரைத்தால் என்ன நேரும் என்பதைத் தமிழர்க்கு வேறொருவர் கற்பிக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். பொற்கொல்லன் ஒருவன் வந்து ஒரு பக்கக் கதையைச் சொன்னான், மன்னன் மற்றப் பக்கத்தைக் கேளாமல் கட்டளையிட்டான், அவ்வளவுதான். கோவலன் அவ்வவையில் ஒரு சொல்லும் பேசவில்லை. பின்பு கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபோது தெறித்தது மாணிக்கம். அரசியின் சிலம்பிலோ முத்து. சாட்சியம் முழுமையாக வந்தது, ஆனால் காலங்கடந்து வந்தது. மன்னன் செய்த பிழையைப் பற்றியே எல்லாரும் பேசுவர். பொற்கொல்லன் செய்ததைச் சட்டத்தரணிகள் சற்று ஆழ்ந்து எண்ணிப் பார்க்கலாம். தீர்ப்புச் சொல்பவருக்குமுன் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துவிட்டு, மறுபக்கம் தனக்குத் தெரிந்தும் வாளாவிருந்தவன் அவனே.

இங்கிலாந்தில் 1820ஆம் ஆண்டு கரோலின் அரசிக்காக வாதாடிய ஹென்றி புரூம், வழக்கறிஞனுக்குத் தன் கட்சிக்காரர் ஒருவரைத் தவிர உலகில் வேறு எவரும் இல்லை என்ற கருத்துப்பட முழங்கினார். வீரம் மிகுந்த பேச்சுத்தான். அரசனையே எதிர்த்து ஒரு பெண்ணுக்காக நின்றவர் வாயில் அது பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் வலியோனை எதிர்த்து நிற்கும்போது சொன்ன சொல்லை, வாயில்லாதவனுக்கு எதிராக நிற்கும்போதும் சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதே இலங்கைச் சட்டத்தின் விடை. எதிர்த்தரப்பார் சமுகமில்லாத வேளையில் நீதிமன்றத்தின் கட்டளையை வேண்டி வருபவர், தமக்குச் சாதகமானவற்றை மட்டுமன்றிப் பாதகமான முக்கிய விடயங்களையும் மறையாது முன்வைக்க வேண்டும் என்று 1973ஆம் ஆண்டு அல்போன்சோ அப்புஹாமி எதிர் ஹெட்டியாராச்சி என்னும் வழக்கில் நீதியரசர் பத்திரன வலியுறுத்தினார். இன்றளவும் நீதிமன்றங்களில் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

பரந்தனுக்கு அதைக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒருவர் தம் அயலவர்மீது காணி வழக்குத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோர், அவ்வயலவர் போருக்குப்பின் ஊர் திரும்பாதவர் என்றும் வைத்துக்கொள்க. அழைப்பாணையைக் கொண்டு சென்ற உத்தியோகத்தர் ஆளைக் காணவில்லை என்று அறிக்கை செய்கிறார். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை இதற்கும் வழி சொல்கிறது: நீதிமன்றத்தின் அனுமதியுடன் அழைப்பாணையை அவர் வசித்த இடத்தில் ஒட்டிவிடலாம். அனுமதி பெறுவதற்கு ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். ‘எதிராளியின் இருப்பிடம் தெரியவில்லை’ என்ற வாக்கியம் அதில் இடம்பெறும். சட்டத்தரணியின் ஒழுக்கம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிக் கிடக்கிறது. உண்மையிலே தெரியவில்லையா? அல்லது எதிராளியின் தம்பி அடுத்த ஒழுங்கையிலேயே இருக்கிறார், அவரிடம் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, கேட்டால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் என்பது தெரிந்தும் கேளாமல் விடுகிறாரா? கூரையும் கதவும் போன வீட்டின் சுவரிலே ஒட்டப்பட்ட காகிதத்தை மழை வந்து கழுவிக்கொண்டு போகும். வழக்கு ஒருதலையாக விளங்கப்பட்டுத் தீர்ப்பாகும். அத்தீர்ப்பாணை தமக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் தக்க காரணங்காட்டி அதை நீக்கும்படி எதிராளி கேட்கலாம் என்று சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆனால் அதுவும் அதே சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், அந்தப் பதினான்கு நாளும் அவர் அறியாமலே கழிந்துவிடும். இங்கே சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்று ஒருவர் வாதாடலாம். உண்மை தெரிந்திருந்தும் சத்தியக் கடதாசியைத் தயாரித்துக் கொடுத்தவர் நீதிமன்றத்தை ஏமாற்றினார் என்பதை மட்டும் எந்த வாதத்தாலும் மறைக்க இயலாது.

நீதிமன்றத்திலாவது மேலே ஒரு நீதிபதி இருக்கிறார். நொத்தாரிசின் அறையில் அவரும் இல்லை. இலங்கையில் நொத்தாரிசுகளிற் பெரும்பாலோர் சட்டத்தரணிகளே. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணியைக் கைமாற்றும் உறுதி நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இதனை மேலும் இறுக்கியது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருக்க வேண்டும். இல்லையேல் சாட்சிகள் அறிந்திருக்க வேண்டும். உறுதியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும். பணம் தம் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்பதை எழுத வேண்டும். காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்த்து உரிமையின் நிலையை அறிந்தே உறுதி எழுதவேண்டும் என்பது பொதுவிதி. இவற்றை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உற்று நோக்கினால், இவ்விதிகளில் ஒவ்வொன்றும் அவ்வறையில் இல்லாத ஒருவரைக் காப்பதற்கென்றே எழுந்தது புலனாகும். ஆளை அறிந்திருத்தல் என்னும் விதி, உண்மையான சொந்தக்காரர் எங்கோ இருக்க அவர் பெயரில் இன்னொருவர் வந்து ஒப்பமிடாமல் இருப்பதற்காக. பதிவேட்டைத் தேடுதல், முன்னரே ஈடு பிடித்தவரோ விலைக்கு வாங்கியவரோ வஞ்சிக்கப்படாமல் இருப்பதற்காக. ‘சாட்சிகளுக்கு ஆளைத் தெரியும்’ என்று எழுதிவிட்டு, வாசலில் நின்ற இருவரைக் கூப்பிட்டுச் சாட்சி வைப்பவர், விதியின் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரைப் போக்கிவிடுகிறார்.

வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோர்ணித் தத்துவத்தின் நிலையும் இதுவே. தமையன் தொரன்ரோவில் இருக்கிறார். தம்பிக்குத் தத்துவம் எழுதி அனுப்பினார். தம்பி அதைக் கொண்டு காணியை விற்க வருகிறார். கடதாசி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்திருந்தால் தத்துவமும் அவரோடு முடிந்தது. இருக்கிறார் என்றால், விற்கச் சொன்னாரா, பார்த்துக்கொள்ளச் சொன்னாரா? ஓர் அழைப்பில் தீரும் இக்கேள்வியைக் கேட்காத நொத்தாரிசு பத்து வருட வழக்கொன்றுக்கு வித்திடுகிறார். அந்த வழக்கிலே அவரே சாட்சிக் கூண்டில் ஏறவேண்டியவராவார் என்பதால், அதில் சட்டத்தரணியாகத் தோன்றவும் அவருக்குத் தகுதி இராது.

அனுமதிப்பத்திரக் காணியில் நடக்கும் தந்திரம் வேறு. இக்காணியைப் பெற்றவர், பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி அதைத் தம் விருப்பப்படி கைமாற்ற முடியாது. சட்டத்துக்கு மாறான அத்தகைய உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. செய்தாலும் அது வெறும் கடதாசியே. இதை நன்கறிந்த பின்னும், ‘உடன்படிக்கை’ என்றும் ‘பராமரிப்புப் பொறுப்பு’ என்றும் வேறு பெயர் சூட்டி ஒரு பத்திரம் எழுதித் தரும்படி கேட்டு வருவோர் குறைவல்லர். வாங்குபவர் தம் சேமிப்பை அல்லது வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய பணத்தைக் கொட்டுகிறார். முத்திரையும் ஒப்பமும் கண்டு காணி தமதென்று மகிழ்கிறார். விற்றவரின் பிள்ளைகள் வளர்ந்து வந்து எழும்பச் சொல்லும் நாளில்தான் கையிலிருப்பது என்னவென்று தெரிகிறது. கேட்டதை எழுதிக் கொடுத்தேன் என்று சொல்வது தட்டச்சாளருக்குப் பொருந்தும். இது செல்லாது என்று முகத்துக்கு நேரே சொல்லி, கட்டணத்தையும் இழந்து, வந்தவரைத் திருப்பி அனுப்புவதே சட்டத்தரணியின் வேலை. வந்தவர் அடுத்த கந்தோருக்குப் போவார் என்பது உண்மைதான். போகட்டும்.

இனி, இக்கடமையில் உள்ள சிக்கலையும் மறைக்காமற் பேச வேண்டும். இல்லாதவர் பக்கமே எப்போதும் நியாயம் என்று எண்ணிவிடக் கூடாது. 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் இடையறாது, சொந்தக்காரருக்கு மாறாக ஒரு காணியை ஆண்டு வந்தால், அவ்வாட்சியே அவருக்கு உரிமையாகலாம். போர்க்காலத்தில் ஓடிப்போனவர்களுக்கு இது பேரிடியாக இருந்தது. அதனாற்றான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1ஆந் திகதி முதல் 2009 மே 18ஆந் திகதி வரையான காலத்தில், ஆயுதச் செயற்பாடுகளின் காரணமாகத் தம் உரிமையை நாட முடியாதிருந்தவருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்பது அதன் சாரம். நியாயமான சட்டம். ஆயினும் அதே காணியில், மலையகத்திலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் குடிசை போட்டு, கிணறு வெட்டி, தென்னை வைத்து, மூன்று தலைமுறை கண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால்? அவர்களும் போரால் அலைந்தவர்களே. கடல் கடந்திருக்கும் சொந்தக்காரருக்கு அந்நிலம் பல சொத்துக்களுள் ஒன்றாக இருக்கலாம். குடியிருப்பவருக்கு வேறு நிழல் இல்லை.

இவ்வேளையில் சொந்தக்காரரின் சட்டத்தரணி என்ன செய்வது? தம் கட்சிக்காரரைக் கைவிட்டு எதிராளிக்காக இரங்கச் சொல்லும் ஒழுக்கம் எதுவும் இல்லை. அப்படிச் செய்தால் அது துரோகம். அவர் செய்யத்தக்கது வேறு. அதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு தென்னாபிரிக்காவிலே இருக்கிறது. 1893ஆம் ஆண்டு இளம் பாரிஸ்டராக அங்கு சென்ற காந்தியடிகள், தாதா அப்துல்லா என்னும் வணிகருக்கும் அவர்தம் உறவினர் தையப் சேட்டுக்கும் இடையே நடந்த பெருவழக்கில் பணிபுரிந்தார். ஆவணங்களை ஊன்றிப் படித்துத் தம் கட்சிக்காரர் பக்கமே வலுவுள்ளது என்று தெளிந்தார். வழக்கு நீண்டால் இரு வீடும் அழியும் என்பதையும் கண்டார். இருவரையும் இணங்கச் செய்து மத்தியஸ்தரிடம் விட்டார், அப்துல்லாவே வென்றார். தையப் சேட் கொடுக்க வேண்டிய தொகை சுமார் 37,000 பவுண். ஒரே முறையில் கட்டினால் அவர் முறிந்துபோவார். முறிவு என்பது அவ்வணிகக் குலத்தாருக்குச் சாவினும் கொடிது. அப்போது காந்தியடிகள் தம் கட்சிக்காரரிடம் மன்றாடி, நீண்டகாலத் தவணையில் பணத்தை வாங்கச் சம்மதிக்க வைத்தார். இருவரையும் மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்வதைவிட இந்தச் சம்மதத்தைப் பெறுவதே தமக்குக் கடினமாக இருந்தது என்பது பட அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கட்சிக்காரரின் உரிமையில் ஒரு பவுணும் குறையவில்லை. எதிராளியும் அழியவில்லை. பரந்தன் காணியிலும், உரிமையை நிலைநாட்டியபின் குடியிருப்பவருக்கு ஒரு துண்டை விலைக்கு விடலாம்; மாற்று நிலம் கிடைக்கும்வரை அவகாசம் கொடுக்கலாம். இவற்றைக் கட்சிக்காரர் முன் எடுத்து வைப்பது சட்டத்தரணியின் பணி. ஏற்பதும் விடுவதும் கட்சிக்காரரின் உரிமை.

சிற்றூர்த் தொழிலுக்கே உரிய வேறு சங்கடங்களும் உண்டு. நகரங்களைப்போல எண்ணற்ற சட்டத்தரணிகள் இங்கில்லை. திங்கட்கிழமை அண்ணன் வந்து தம் பங்கைப்பற்றி மனம்விட்டுப் பேசிவிட்டுப் போவார். புதன்கிழமை தம்பி வந்து அதே கதிரையில் இருப்பார். முதலில் வந்தவர் சொன்னதை வெளியிடவும் முடியாது, மறந்துவிடவும் முடியாது. ஆதலின் இரண்டாமவரை ஏற்காது விடுவதே முறை. தரகரை வைத்து வழக்குப் பிடிப்பதைப்பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. அது இழிவு என்பதை அதைச் செய்பவர்களே அறிவர்.

பழைய நாளில் பிறக்கிராசி, அப்புக்காத்து என்று இருவகையாக இருந்தவர்கள் 1974ஆம் ஆண்டு தொடக்கம் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரின்கீழ் வந்தார்கள். அவர்களது நடத்தைக்கென உயர் நீதிமன்றம் 1988ஆம் ஆண்டில் விதிகளை வகுத்தது. வஞ்சகம், தொழிற்கேடு, குற்றம் ஆகியவை நிரூபணமானால் சட்டத்தரணியைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தவோ பெயரை நீக்கவோ அந்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முறைப்பாடு செய்யும் உரிமை படித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. பணவசதி இல்லாதவர்கள் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அறியாமையும் ஒழுக்கக்கேடாகலாம் என்பதைச் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. அனுமதிப்பத்திரக் காணியில் பின்னுரித்தாளி நியமிக்கப்படாதபோது, பழைய அட்டவணைப்படி மகனே மகளுக்கு முந்தினான். 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் வேற்றுமையை அகற்றியது. இதைப் படியாமல், ‘பெண்பிள்ளைக்கு இதில் இடமில்லை’ என்று ஒரு சட்டத்தரணி பழைய வாய்ப்பாட்டையே சொல்லி அனுப்பினால், அவர் பொய் சொல்லவில்லை, பணம் பறிக்கவில்லை. அப்பெண் மட்டும் தன் தகப்பன் வெட்டிய காணியை இழந்து வீடு திரும்புவாள்.

எல்லாவற்றிலும் பாரமானது காணாமற் போனவரின் காரியம். கணவன் பெயரில் அனுமதிப்பத்திரம். கணவன் எங்கே என்று தெரியாது. பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும், பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டும். மனைவி சட்டத்தரணியிடம் வருகிறாள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மரணச் சான்றிதழ் பெறலாம். அது நேர்வழி, சுருக்கமானது, அவளுடைய கையொப்பம் ஒன்று போதும் என்று தோன்றும். ஆனால் 2016ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று எழுதாமலே ‘காணாமற் போனமைச் சான்றிதழ்’ பெறவும் வழி பிறந்தது. அதைக்கொண்டு இன்னின்ன காரியங்கள் ஆகும், இன்னின்னவை ஆகா என்று இரண்டு வழிகளையும் அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்ல அரைமணி நேரம் பிடிக்கும். வெளியிலே பத்துப்பேர் காத்திருக்கிறார்கள். மரணச் சான்றிதழ் விண்ணப்பம் மேசையிலேயே இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்த பின்னும் அவள் எதையும் முடிவு செய்யாமல், பையை எடுத்துக்கொண்டு, மாமியாரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போகலாம். அன்று சட்டத்தரணிக்குக் கட்டணம் இல்லை. பரந்தன் சந்தியில் இறங்கி அவள் வாய்க்கால் கரையால் நடந்து வீட்டுக்குப் போவாள். விண்ணப்பம் நிரப்பப்படாமல் மேசையிலேயே கிடக்கும்.